சுவரில் வீரமணியின் படம்

கள்ளக்குறிச்சி
10 நவம்பர் 2024

அன்புள்ள வீரா,

சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். நீ இருக்கிற இடத்துக்கு அதை எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் எழுது.

இங்கே நாங்கள் நலம். வீட்டில் அமலோற்பவம் ஞாயிறு பூசையில் உன் பெயரைச் சொல்லி மன்றாடுகிறாள். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை தொடங்கப்போகிறது. இனி கரும்பு வண்டிக்காரர்களோடுதான் என் பொழுது.

போன வாரம் வெள்ளிமலையில் உன் வீட்டுக்குப் போய் அமிர்தத்தைப் பார்த்தேன். "வாய்தா வாய்தான்னு தள்ளிக்கினே போறாங்கண்ணே. அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணுமாம். ஆந்திராவுல நமக்கு யாரைத் தெரியும்?" என்றது. செம்மரக் கேஸில் உன்னைப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம் ஆகிறது, அது இன்னும் வக்கீலின் முழுப்பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாமல் தவிக்கிறது. தமிழ்மொழிக்கு எதுவும் தெரியாதாம். அப்பா கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருக்கிறதாம் பிள்ளை.

இப்போது நல்ல சேதி. நம் கோமுகி கால்பந்துக் கழகத்துக்கு ஐம்பது வயது. மைதானத்தை ஒட்டிப் புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறோம். அதில் ஒரு சுவர் முழுக்கப் பழைய ஆட்டக்காரர்களின் படங்கள். புகழ் மண்டபம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டபம் என்பது கொஞ்சம் அதிகம்தான், நாலு டியூப்லைட் போட்ட கூடம். பொங்கல் கழித்து ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. செயலாளர் என்ற முறையில் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். முதலில் உன் பெயரைத்தான் சொன்னேன்.

விழுப்புரத்து இறுதியாட்டத்தில் நான் போட்ட மூன்று கோலைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. மூன்றும் உன் இடது காலிலிருந்து வந்த பந்து. நான் தலையைக் கொடுத்தேன், அவ்வளவுதான். நீ இல்லாத சுவரில் என் படம் எப்படித் தொங்கும்?

உன்,
தாசு


24 நவம்பர் 2024

அன்பு தாசு,

உன் கடிதம் வந்த அன்று சோறு இறங்கியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வழக்கைப் பற்றி எழுத முடியாது. போவதையும் வருவதையும் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் எங்கள் எல்லோருடைய வீடுகளும் ஊமையாகிவிடும். எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் நம் மலைக்காரர்கள். சாயங்காலம் கதவைப் பூட்டிய பிறகு ஒருவன் மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். இன்னொருவன் அவனை அடிக்கப் போவான். இப்படிப் போகிறது.

முற்றம் நம் மைதானத்தின் பெனால்டி கட்டம் அளவுகூட இருக்காது. நடந்தால் உடனே சுவர் வந்துவிடுகிறது. கால் மட்டும் இன்னும் பழகவில்லை.

படத்தைப் பற்றி. வேண்டாம் தாசு. என் பெயரை எடுத்துவிடு.

தமிழ்மொழி கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் இருக்கிறாள், பள்ளி டீமில் ஆடுகிறாள். படம் மாட்டினால் பேப்பரில் போடுவார்கள். இந்த ஆள் இப்போது எங்கே என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி நேராக அவளிடம் போய் நிற்கும். பன்னிரண்டாவது பரீட்சை எழுதப்போகிற பிள்ளை. மலையில் இத்தனை பேர் அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வேலை ஜாஸ்தி, லீவு தரவில்லை என்று அமிர்தம் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். நீ ஒரு ஆணியை அடித்து அதை உடைத்துவிடாதே.

என் இடத்தில் இளமாறனைப் போடு. நல்ல கோல்கீப்பர். அவனை யாரும் நினைப்பதே இல்லை.

அமலோற்பவத்துக்கு என் வணக்கம்.

உன்,
வீரா


கள்ளக்குறிச்சி
8 டிசம்பர் 2024

அன்புள்ள வீரா,

நீ சொன்னபடியே செய்யத்தான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். என்னை நம்பு. உன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் தலைவர் தனசேகரன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"கட்டை வெட்டி ஜெயில்ல கெடக்கறவன் படத்த மாட்டிக்கினு, அதிகாரிங்கள கூப்ட்டு தெறக்கச் சொல்றதா? கிளப்பு பேரு இன்னாத்துக்கு ஆவும்? அந்தப் பேர அடிச்சிடுங்க."

சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள் வீரா. உன்னோடு ஆடியவர்கள், உன் வீட்டில் தேன் வாங்கித் தின்றவர்கள். அந்த நேரத்தில் நானும் எழுந்து எடுத்துவிடுங்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? என்னால் முடியவில்லை.

"கேசு இன்னும் முடியலங்க. அவன் குத்தவாளின்னு எந்தக் கோர்ட்டு சொல்லிச்சி? அவன் படம் இல்லன்னா என் படமும் வேணாம், செயலாளரும் வேணாம்" என்றேன்.

ரொம்ப நேரம் இழுபறி. கடைசியில் படம் இருக்கட்டும், மேடையில் மட்டும் வெளி மாநிலத்தில் பணியில் இருக்கிறார் என்று அறிவித்துவிடலாம் என்று முடிவானது. உனக்கும் அதுதானே வேண்டும்? பிள்ளைக்குச் சொன்ன கதையும் அப்படியே நிற்கும், உன் பெயரும் நிற்கும். கேடயம் வாங்க வரச்சொல்லி அமிர்தத்திடம் சொல்லிவிட்டேன். அழுதது. வருகிறேன் என்றது.

மறுக்காதே.

உன்,
தாசு


20 டிசம்பர் 2024

தாசு,

அவர்களே எடுக்கச் சொன்னபோது எடுத்திருக்க வேண்டும். உன் ரோஷத்துக்கு என் பிள்ளையை ஏன் இழுக்கிறாய்?

வெளியே இருந்தால் நானே வந்து கழற்றியிருப்பேன். முடியாததால் உன்னைக் கேட்கிறேன். கழற்று.

வீரா


கள்ளக்குறிச்சி
20 ஜனவரி 2025

அன்புள்ள வீரா,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் கழித்து வந்தது. அதற்குள் அழைப்புப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. நான் கழற்றவில்லை. நேற்று விழா நடந்தது. நடந்ததை என் வாயால்தான் நீ கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

விழாவுக்கு முன்னால் ஒரு பெண்கள் ஆட்டம் வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளி என்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. விளையாட்டு டீச்சர் ஷாலினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். நடுவில் தமிழ்மொழி.

நன்றாக ஆடியது. உன்னைப் போல இல்லை, வலது கால். ஆனால் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிற பழக்கம் உன்னுடையது. ஆட்டம் முடிந்து அந்தச் சேற்றோடேயே கூடத்துக்குள் வந்து உன் படத்தின் முன்னால் நின்றது. பழைய குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்த படம், உன் தோளில் என் கை மட்டும் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்தது. அப்போது பின்னால் நின்ற எவனோ பக்கத்து ஆளிடம் கேட்டான், "இவன்தான செம்மரக் கேசுல உள்ள இருக்கறது?"

பிள்ளை என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

"மாமா, எங்கப்பா எங்க இருக்காரு?"

கேரளா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"ஆந்திராவுலம்மா. ஜெயில்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஷாலினி டீச்சருக்கு?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் சொல்லல."

அழவில்லை. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டது.

மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். பணி நிமித்தம் வெளி மாநிலத்தில் இருப்பதால் அவர் சார்பில் துணைவியார் பெற்றுக்கொள்வார் என்று அறிவித்தார்கள். அமிர்தம் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குள் தமிழ்மொழி மேடை ஏறிவிட்டது. அறிவித்தவரிடம்தான் சொன்னது, மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"வேலையில இல்லைங்க சார். ஜெயில்ல இருக்காரு. அப்பிடியே சொல்லுங்க."

யாரும் கை தட்டவில்லை. தனசேகரன் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிள்ளை அதை அவர் கையிலிருந்து வாங்கி, கீழே இறங்கி, அம்மா மடியில் வைத்துவிட்டு டீம் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பள்ளி பஸ் ஏறுகிற வரைக்கும் பிள்ளை அம்மாவோடு பேசவில்லை. அமிர்தம் அதன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தது.

எனக்கு எந்தப் பக்கமும் போக வழி தெரியவில்லை வீரா. திட்டியாவது எழுது.

உன்,
தாசு


9 பிப்ரவரி 2025

கிறிஸ்துதாசுக்கு,

ஜாமீன் மனு மறுபடியும் தள்ளுபடி. இதை அமிர்தத்திடம் மெதுவாகச் சொல். அவள் இந்தத் தடவை நம்பியிருந்தாள்.

தமிழ்மொழி கடிதம் எழுதியிருக்கிறாள். எனக்கு அவள் எழுதுகிற முதல் கடிதம். திட்டியிருப்பாள் என்று நினைத்துப் பிரிக்காமலே ஒரு பகல் வைத்திருந்தேன். திட்டவில்லை. 'ரப்பர் மரம் எப்படி இருக்கும், பால் எப்படி எடுப்பாங்கன்னு ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பார்த்து வச்சிருந்தேன்பா, நீங்க வந்தா பேசலாம்னு' என்று எழுதியிருக்கிறாள். அந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அதற்குக் கீழே, நீங்க இருக்கற எடத்துல ஜன்னல் இருக்கா, பரீட்சை முடிஞ்சதும் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறாள்.

அமிர்தத்தையே இத்தனை நாளாக வரவேண்டாம் என்று சொல்லிவந்தவன் நான். கம்பிக்குப் பின்னால் நிற்கிற என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். இவளுக்கு வா என்று எழுதிவிட்டேன். ஜன்னல் எங்கே இருக்கிறது, அதில் என்ன தெரிகிறது என்பதையும் எழுதினேன்.

நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் அவள் இன்னும் ரப்பர் மரம் தேடிக்கொண்டிருப்பாள். எனக்கும் இந்தக் கடிதம் வந்திருக்காது. அது எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் தாசு, உள்ளே கிடக்கிறவனுக்கு எதையும் செய்ய முடியாது. வெளியே இருக்கிறவனைக் கேட்கத்தான் முடியும். இரண்டு தடவை கேட்டேன். எனக்கு எது நல்லது என்று நீயே முடிவு செய்துகொண்டாய். இங்கே எல்லோரும் எனக்கு அதைத்தான் செய்கிறார்கள். நீயும் செய்வாய் என்று நினைக்கவில்லை.

இங்கிருந்து அடிக்கடி எழுத விடமாட்டார்கள். கிடைக்கிற காகிதம் இனி அவளுக்கு. நீ எழுதினால் படிப்பேன். பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

படம் இருக்கட்டும். அந்த மைதானத்துக்கு ஆடப் போகும்போதெல்லாம் பார்க்கிறாளாம்.

அவள் இங்கே வருகிற அன்று நீ துணைக்கு வராதே. அமிர்தமும் அவளும் மட்டும் வரட்டும். பார்க்க விடுவது கொஞ்ச நேரம்தான்.

சி. வீரமணி