யாரிடமும் சொல்லாத எண்

ஏலப்பாறை,
வியாழக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள மச்சானுக்கு முருகேஸ்வரி எழுதுவது. இங்கே நான், பாப்பா, அத்தை மூவரும் சுகம். போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனை நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன்.

அங்கே உங்களுக்கு பேங்க் மெசேஜ் வருவதில்லை என்று நீங்கள் வாங்கச் சொன்ன கருவியை வாங்கிவிட்டேன். தீப்பெட்டியைவிடச் சின்னது. பித்தானை அமுக்கினால் ஆறு எண் வரும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ரகசியச் சொல்லோடு அந்த எண்ணையும் போட்டால்தான் நம் கணக்கிலிருந்து பணம் நகருமாம். சொல் உங்களிடம், கருவி என்னிடம். பேங்க் கவுண்டரில் இருந்த பெண், "ஆரோடும் பறயருது, பர்த்தாவினோடு போலும்" என்றாள். புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாதாம். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை புது நம்பரிலிருந்து ஒரு போன். குரல் உங்களுடையது போலவே இருந்தது. என் போன் தொலைந்துவிட்டது, இது கூட்டாளி போன், சீக்கிரம் கருவியை அமுக்கி எண்ணைச் சொல் என்றது. எதற்கு என்றேன். அப்புறம் சொல்கிறேன் என்றது. கருவி பீரோவில் இருக்கிறது, சாவியைக் காணோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கருவி என் மடியில்தான் கிடந்தது. பக்கத்தில் இருந்த அத்தை, "அது எம்புள்ள சத்தம்தான்டி, எனக்குத் தெரியாதா" என்று ஒரே சண்டை. பெற்ற பிள்ளையின் குரலைக்கூட இப்போது மெஷினில் செய்துவிடுகிறார்களாம் என்றேன். அன்றிலிருந்து அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் பழைய நம்பரும் ஸ்விட்ச் ஆஃப்.

நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் முதல் பேச்சு பாப்பாவின் வீசிங் பற்றித்தான் இருக்கும். அந்தக் குரல் அதைக் கேட்கவே இல்லை. சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை. அதனால் எவனோ திருடன் என்று முடிவு செய்தேன். அடுத்த வருஷம் அத்தைக்கு எஸ்டேட்டில் ரிட்டையர். அத்தை பேரில் எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கம்பம்மெட்டில் பார்த்து வைத்திருக்கும் இடத்தை வாங்க, கணக்கில் இருக்கும் அந்தப் பணத்தை விட்டால் நமக்கு வேறு போக்கில்லை. கருவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் கொழுந்து பறிக்கப் போகிறேன்.

லீவு முடிந்து நாளை கிளம்பும் உங்கள் கூட்டாளி ஜின்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சேட்டன் இப்போ எங்க ரூமில இல்ல சேச்சி" என்றான். அதற்குமேல் கேட்டால் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுகிறான். ரூம் மாறியதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே. உறையை ஒட்டியதும் அந்த இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். யாராவது பிரித்திருந்தால் தெரிந்துவிடும்.

பாப்பாவுக்கு வீசிங் குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்டதாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்களை அந்த மாரியாத்தாள் காப்பாற்றட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம் மச்சான். அந்தப் போனில் பேசியது நீங்கள் இல்லை என்று ஒரு வரி மட்டும், உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எழுதினால் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
முருகேஸ்வரி