பரிசு சுற்றிய பச்சை முந்தானை

மஹய்யாவ, கண்டி.
5.1.1984

அன்பின் பத்மாதேவி அக்காவுக்கு,

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சுகமா? நாங்கள் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். இங்கே எதிரே உங்கள் வீடு எரிந்து கிடக்கும் பக்கம் பார்க்காமல் கதவைத் திறக்கப் பழகி வருகிறேன்.

என் தங்கை றலியா புருஷன் வீட்டுக்கு, உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள். பொங்கலுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன். சுற்றியிருக்கும் துணியைப் பாருங்கள். பெருநாளுக்கு நீங்கள் மாங்காய்த் தொக்கு சுற்றித் தந்த பச்சை முந்தானை. ஜூலைக் கலவரத்தின்போது என் அலுமாரியில் இருந்ததால் தப்பியது.

மினுங்கும் தாள் வாங்காமல் பழஞ்சேலையில் பரிசு சுற்றுகிறீர்களே என்று 'கஞ்சப் பத்மா' பட்டம் கட்டியவள் நான். "ஒரு நிமிசம் பாத்துப்போட்டுக் கிழிச்சு எறியிறதுக்கு ஏனடி தாள்?" என்பீர்கள். இப்போது நானும் தாள் வாங்குவதில்லை. உள்ளே எங்கள் மரத்துக் கிராம்பும் சாதிக்காயும். நம் சட்டம் மறக்க வேண்டாம்: துணி வெறுமையாய்த் திரும்பக் கூடாது.

உங்கள் பஸீஹா

*

யாழ்ப்பாணம்.
12.4.1990

அன்புத் தங்கச்சி பஸீஹாவுக்கு,

துணி இந்த முறை பனங்கட்டியும் முருங்கை விதையும் கொண்டு வருகிறது. பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானை எறிந்துவிடாதே, என்னைத் தெரியும்தானே!

பெருநாளுக்கு உன் தெருவில் பலகாரம் சொப்பிங் பையில் போவதில்லையாம், கோப்பையில் போய்க் கோப்பையில் வருகிறதாம். பிள்ளைகளுக்குப் பரிசாகச் சிரட்டையில் நாற்று நட்டுக் கொடுக்கிறாயாம். றலியா சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் என் வீட்டோடு நின்றேன், நீ ஒரு தெருவையே மாற்றிவிட்டாயடி.

இங்கே தீபாவளிக்கு வெடி கேட்டு எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. கேட்ட சத்தமே போதும் என்றாகிவிட்டது. றலியாவுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யோசிக்காதே.

அன்புடன்,
கஞ்சப் பத்மா

*

யாழ்ப்பாணம்.
10.2.1991

அன்புள்ள பஸீஹா,

பதிலே வராமல் இது மூன்றாவது கடிதம். தபால் ஒழுங்கில்லை என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

ஐப்பசியில் இயக்கம் ஆயுதங்களோடு வந்து இங்கிருந்த முஸ்லிம்களை எல்லாம் துரத்தியபோது, றலியா கைக்குழந்தையோடு என் வாசல் படலையைக் கடந்து போனாள். கொண்டுபோன பையையும் சந்தியில் பறித்துவிட்டார்கள். "போட்டு வாறன் அக்கா" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு எழுதியவள், ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

துணி உன்னிடம் இருக்கிறது. இனி இந்த உறவு வேண்டாம் என்றால் அதை வெறுமையாய் அனுப்பிவிடு. நான் விளங்கிக்கொள்வேன்.

பத்மாதேவி

*

மஹய்யாவ, கண்டி.
20.4.1991

அன்பின் அக்காவுக்கு,

தபாலில் பிழையில்லை. கோபத்தில்தான் பதில் எழுதவில்லை. உங்கள் மீது கோபப்படுவது நியாயமில்லை என்று தெரிந்தும் கோபம். பச்சைத் துணியை வெறுமையாய் மடித்து உறைக்குள்ளும் வைத்துவிட்டேன்.

றலியா கண்டுவிட்டாள். வந்த நாள் முதல் வாய் திறக்காதவள் அன்றுதான் பேசினாள். "அத அனுப்பாதீங்க ராத்தா. பையப் பறிச்ச பொறகு, அந்த அக்கா பின்னாலயே ஓடி வந்தாங்க. கட்டியிருந்த சேலயக் கிழிச்சு மகளச் சுத்தித் தந்தாங்க. துவக்கோட நின்டவனுக்கும் பயப்படல்ல."

ஒன்றும் செய்யாமல் நின்றேன் என்றுதானே எழுதினீர்கள்! உங்களைப் போல ஒரு மனுஷியை நான் கண்டதில்லை அக்கா.

இந்தப் பெருநாளுக்குக் கடைத்துணி எடுக்கவில்லை. பச்சை முந்தானையில் பிள்ளைக்குச் சட்டை தைத்துவிட்டேன். அதைப் போட்டுவிட்டுத் தெருவெல்லாம் தூக்கிக் காட்டினோம். அதனால் அது இனித் திரும்பாது, மன்னியுங்கள்.

நீங்கள் கிழித்துத் தந்த துண்டையும் துவைத்து வைத்திருக்கிறேன். அதையும் அனுப்ப வழியில்லை. வெறுமையாய்த் திருப்பக் கூடாதே, பிள்ளையைச் சுற்றி வந்த துணிக்குள் நான் எதை வைப்பேன்? கிராம்பு போதாது. பாதை திறந்ததும் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பஸீஹா