உங்கப்பாவின் போலீஸ் வேஷம்

ஏரல்

அன்பு மகள் முத்துச்செல்விக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் முத்தாரம்மன் புண்ணியத்தில் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்? தினமும் போனில் பேசுகிறோம்தான், ஆனால் உங்கப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது? உனக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு நேர்ந்துகொண்டபடி இந்தத் தசராவுக்கு மாலை போட்டு போலீஸ் வேஷம் கட்டினார். நம் கடையில் சீரகம் என்ன விலை என்று கேட்டால்கூட முணுமுணுத்து இரண்டாம் தடவை கேட்க வைக்கிற மனுஷன், காக்கிச் சட்டைக்குள் தொப்பையை அடைத்து விசிலும் கம்புமாக நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் குலசை முத்தாரம்மன் கோயில் பக்கம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு பையைப் பார்த்துவிட்டு யாரோ குண்டு, குண்டு என்று கத்த, அத்தனை பேரும் கடைகளுக்கு நடுவே இருக்கிற குறுகலான சந்துப் பக்கம் ஓடினார்கள். உள்ளே போயிருந்தால் நசுங்கியிருப்பார்கள். உங்கப்பா சந்து வாசலில் கம்பைக் குறுக்கே பிடித்து, விசிலை ஊதி, இங்கன ஒருத்தரும் வரக்கூடாது, கடற்கரைக்குப் போங்க என்று போட்டாரே ஒரு சத்தம்! காளி வேஷக்காரர்கள்கூட நிஜப் போலீஸ் என்று நம்பித் திரும்பினார்கள். நான் கூட்டத்தில் மாட்டி மூச்சு முட்டி, கல்யாணமான நாள் முதல் என் வாயில் வராத அவர் பெயரைச் சொல்லியே கத்தினேன். திரும்பிப் பார்த்தார், வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நெரிசல் தளர்ந்தது, நான் ஒற்றைச் செருப்போடு தப்பித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிஜப் போலீஸ் வந்து சோதித்ததில் பைக்குள் இருந்தது காளி வேஷத்துக்குக் கட்டுகிற மரக் கைகள். இன்ஸ்பெக்டர் உங்கப்பாவிடம் எந்த ஸ்டேஷன் என்று கேட்க, இவர் ஏரல்ல பலசரக்குக் கடை சார் என்றாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் கூப்பிட்டது கேட்கவில்லையோ என்றேன். ஏளா, கேட்டுச்சு, உன்னய பாக்கவும் செஞ்சேன், நான் நகந்தா அம்புட்டு சனமும் சந்துக்குள்ள பாஞ்சிரும்லா என்றார். எனக்கு வந்த கோபமும் பெருமையும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு மட்டும் அடிக்கடி வைக்கிறேன்.

வருஷப் பிறப்புக்கு சிட்னியில் வாணவேடிக்கை பார்க்கப் பிள்ளையோடு போவதாகச் சொன்னாய். போய் வா, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனதும் வெளியே வர அகலமான வழி எது என்று பார்த்து அந்தப் பக்கமே நில், யாராவது கத்தினால் எல்லோரும் ஓடுகிறார்களே என்று நீயும் ஓடாதே, பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இனி போன் பேசும்போது உங்கப்பாவிடம் நீயே சொல்லிவிடு, அவர் அங்கே நின்றதுதான் சரி என்று அம்மா சொன்னாள் என்று. எனக்கு நேரில் சொல்ல வாய் வரவில்லை.

உன் அம்மா,
சீனித்தாய்