பக்கத்து வூட்டுப் பையன்

என் ஆசை அப்பாவுக்கு,

நீ இல்லாத வீட்டில் உன் குரல் மட்டும் இருக்கிறது. சாயங்காலம் நீ பைக்கில் வந்து இறங்குகிற நேரத்துக்கு முகிலன் அண்ணன் வாசலில் நின்று, "இன்னாடா ராஜா, சாப்ட்டியா?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அதே இழுவை, அதே செருமல். அம்மா சில நாள் சிரிக்கிறாள், சில நாள் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாள்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே நமக்குத் தெரிந்ததுதானே. அவனாகப் பேசுவது குறைவு. நாம் சொன்னதை நம் குரலிலேயே திருப்பிச் சொல்வான். இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறான் அப்பா. அது என் குரல்.

நீ இறந்துபோன பிறகு அம்மா திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா வரும்வரை அண்ணன் பக்கத்து வீட்டில், ஸ்டெல்லா அத்தையிடம் இருப்பான். அத்தை ஜாக்கெட் தைக்க, இவன் மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பாடும் அங்கேதான். அத்தை ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

போன மாதம் அண்ணனுக்குப் பல்வலி. வில்லியனூருக்கு நான்தான் கூட்டிப் போனேன். மதகடிப்பட்டில் என் வகுப்புப் பெண்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையை உதறி உதறி, ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயரையும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "யாருடி அது, உன் கூடவா வந்தாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சீ, இல்லடி. பக்கத்து வூட்டுப் பையன்."

அண்ணன் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் எங்கே இருந்தாலும் காது நம்மிடம்தான் இருக்கும் என்பதை நான் எப்படி மறந்தேன்?

அடுத்த ஞாயிறு மாமா வந்து, "நீ யாருன்னு சொல்றா பாப்போம்" என்று வழக்கம்போல் சீண்டினார். "பக்கத்து வூட்டுப் பையன்" என்றான். அந்த 'சீ' இல்லை; பஸ்ஸில் நான் முணுமுணுத்த மாதிரியே சொன்னதால் என் குரல் என்று யாருக்கும் பிடிபடவும் இல்லை, அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் ஸ்டெல்லா அத்தைதான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து நேராக அங்கே போனாள்.

"பாத்துக்க முடியலன்னா முடியலன்னு சொல்லுக்கா. எம் புள்ளய யாரோ மாதிரி சொல்லாத."

"நான் இன்னாத்துக்குமா அப்டி சொல்லப் போறேன்? கேக்கறவங்க கிட்டல்லாம் எம் பெரிய புள்ளன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

அம்மா நம்பவில்லை. நான் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை அப்பா.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா லீவு போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலையில் மெஷின் சத்தம் கேட்டதும் அண்ணன் அத்தை வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மா போய் இழுத்து வருகிறாள்.

அந்தப் பேச்சை மறக்கடிக்கலாம் என்று பார்த்தேன். முறுக்கைக் காட்டி, "நான் காவேரியோட அண்ணன், சொல்லு" என்று விடாமல் சொல்லிக்கொடுத்தேன். முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டான். சொல்லிக்கொடுப்பது எதுவும் அவனிடம் ஒட்டாது. மனசிலிருந்து வருவதுதான் ஒட்டும். உன் 'சாப்ட்டியா' அப்படித்தான் ஒட்டியது. அப்படியானால் நான் சொன்னதும் மனசிலிருந்துதான் வந்ததா? நினைத்தாலே கூசுகிறது. நீ இருந்திருந்தால் திட்டியிருக்க மாட்டாய், பேசாமல் எழுந்து போயிருப்பாய். அதை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் மறுபடி கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

அம்மா கொடியில் துணி காயப்போடுகிறாள். இதை முடித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டெல்லா அத்தை வீட்டுக்குப் போய், இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அடி விழுந்தால் விழட்டும். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகவேண்டும். பல் டாக்டர் மறுபடி வரச்சொல்லியிருக்கிறார். அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு நானே அண்ணனைக் கூட்டிப் போகிறேன். யாராவது கேட்டால், அவன் காதில் விழும்படி சொல்வேன். சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
உன் மகள்,
முகிலனின் கூடப்பிறந்த தங்கச்சி,
காவேரி