எங்கே இறங்குவான்?

அன்பு மகளே,

உன் பத்தாம் வகுப்பில் நான் சமூக ஒப்பந்தப் பாடம் நடத்தும்போது, ஊர் ஒரு வள்ளம், எல்லோரும் ஒரு சொல்லைக் கேட்டால்தான் கரை சேரும் என்றேன். "பிடிக்காதவன் எங்கே இறங்குவான் டீச்சர்?" என்று எழுந்து கேட்டாய். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

உன் அண்ணன் ஊர் ஏலத்தில் போடாமல் மீனை வெளியூரில் விற்றானாம். நம்மோடு யாரும் பேசக்கூடாதென்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. எல்லோரும் கைதூக்கித்தான் முடிவெடுத்தார்கள். என்னைப் பார்த்ததும் கடைக்கார இசபெல் பால் பாக்கெட்டுகளை உள்ளே எடுத்து வைக்கிறாள். நேற்று வள்ளம் தள்ள ஒருவரும் வரவில்லை. "நானும் அம்மையும் போதும்லா" என்றான் உன் அண்ணன். தள்ளினோம்.

நாளையும் தனியாகத்தான் கடலுக்குப் போகிறான். காற்று வேறு ஏறுகிறது. கடலிலிருந்து அவன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் சொல்லலாமா என்று கமிட்டி எதுவும் சொல்லவில்லை.

கமிட்டித் தலைவர் ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திய ஞானத்தகப்பன்தானே. போன் செய்து, அதை மட்டும் கேட்டுப் பார்.

உன் அம்மை