கழுவாத படலம்

பாக்கார் ஆராங்,
4 மார்ச் 2024

ஹெர்பர்ட்டுக்கு,

வாய் மூடி இருந்தது போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தும் நீ பதில் போடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரேமாவதி அக்காவை மறந்திருக்க மாட்டாய். நாம் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது, தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறையில் இறால் ஓடு வாங்கிவரும் நாட்களில் பஸ்ஸில் நம் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். நாற்றத்தோடு வந்த நமக்கு அக்காதான் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு போட்டாள். அந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் தூள் எடுத்து, மீன்தோல் ஜெலட்டினோடு கலந்து, புண்மேல் புதுத்தோல் வளரப் படலம் வார்த்தோம். வார்த்தது நாம் இருவர். ஆராய்ச்சிக் கட்டுரை வந்தபோது உன் பெயரும் உன் பேராசிரியர் பெயரும்தான் இருந்தன. நீ பேராசிரியர் ஆனாய். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன்.

போன மாதம் பாசார் சந்தையில் வடை சுடும்போது எண்ணெய் கொட்டி அக்காவின் முன்கை வெந்துவிட்டது. 'நம்ம ஹெர்பர்ட் செஞ்சதுதானே' என்று நோயாளிகள்மேல் நீ நடத்தும் படலச் சோதனையில் சேர்ந்தாள். படலம் ஒட்டிய அன்றே, "எரியுது லா தம்பி. அச்சார் வாசம் வேற அடிக்குது" என்றாள். முகர்ந்தேன். ஊறுகாயில் ஊற்றும் வினிகர் அமிலம். புண் சிவந்து, படலம் கூழாகிக் கிடந்தது.

கைட்டோசானைக் கரைக்க ஊற்றும் அந்த அமிலத்தைக் கழுவாமலா மனிதர்கள்மேல் ஒட்டுகிறாய்?

ஜெயகுமார்


அலோர் ஸ்டார்,
12 மார்ச் 2024

அன்புக் குமார்,

கர்த்தர் கிருபையால் நலம். என் மனைவி அமண்டா உன்னை விசாரித்தாள். ஒரு தடவையாவது வீட்டுப் பக்கம் வந்திருக்கலாம் நீ.

அக்காவை நினைத்து மனசு கேட்கவில்லை. தட்டிலிருந்து உரித்த படலத்தைக் கழுவினால் சுருண்டு கிழிகிறது. மாணவர்கள் கழுவுவதை விட்டுவிட்டார்கள். இதுவரை ஒட்டியதெல்லாம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில். ஒருவர்கூட எரிகிறது என்று சொல்லாததால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

உன் கையில் மட்டும் எப்படிக் கிழியாமல் வந்தது? ஒரு நாள் லேப்புக்கு வாயேன். அடுத்த கட்டுரையில் உனக்கு நன்றி சொல்லி ஒரு வரி போடுகிறேன். சோதனைக்கு அனுமதி கொடுத்த மேலிடத்துக்கு மட்டும் எழுதிவிடாதே. எத்தனை வருஷப் பழக்கம் நமக்கு.

அன்புடன்,
ஹெர்பர்ட்


பாக்கார் ஆராங்,
17 மார்ச் 2024

ஹெர்பர்ட்டுக்கு,

அந்தச் சர்க்கரை நோயாளிகளின் காலில் உணர்ச்சியே செத்துக் கிடக்கிறது. எரிவதை எப்படிச் சொல்வார்கள்? அக்காவின் கைக்கு உணர்ச்சி இருந்தது, சொன்னாள். இதைப் பேராசிரியருக்கு ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுத வேண்டியிருக்கிறது.

ஒட்டிய எல்லாரையும் இந்த வாரமே கூப்பிட்டுப் படலத்தை எடு. இல்லாவிட்டால் அக்காவைக் கூட்டிக்கொண்டு மேலிடத்துக்கு நானே போவேன். இப்போதே போயிருப்பேன். சோதனையை மூடிவிடுவார்கள் என்றுதான் போகவில்லை. படலத்தின்மேல் குற்றமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். உரித்தபின் கழுவாதே. தட்டில் ஒட்டியிருக்கும்போதே அமிலத்தை முறிக்கும் நீர்த்த காரக் கரைசலை ஓரமாக ஊற்று. படலம் தானே மிதந்து எழும்பும். பிறகு லிட்மஸ் தாள் நிறம் மாறாமல் நிற்கும் வரைக்கும் நல்ல தண்ணீரில் அலசு. இதைச் செய்துகொண்டு நான் சிங்க்கில் நின்றபோது, "பொண்டாட்டி மாதிரி பாத்திரம் கழுவுறியே டா" என்று சிரித்தாய். அருகில் வந்து பார்த்திருந்தால் இன்று கேட்டிருக்க வேண்டாம்.

அக்காவின் புண் ஆறுகிறது, வெறும் துணிக்கட்டில். லேப்புக்கு வரமாட்டேன். நன்றி வரியும் வேண்டாம்.

பெயர் எழுதப் பேனாவைக் கீழே கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன். என் வேலையை என் பெயர் இல்லாமல் வாங்கிக்கொண்டவன் நீ. இந்தச் செய்முறையையும் அப்படியே வாங்கிக்கொள். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.