முள்ளுக்கு வைத்த பொட்டு

என்னங்க,

இன்று காலை உங்கள் மகளின் கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. யாரோ ஓட்டிக் களைத்து விற்ற பழைய வண்டி. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், "எல்லாம் செஞ்சும் டேஷ்போர்டுல அந்த மஞ்ச லைட்டு அணைய மாட்டேங்குதும்மா. ஏதோ சென்சார் பிரச்சினையாம், நாளைக்கு மறுபடி எடுத்துட்டு வரச் சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

"யாராவது அதுக்குப் பொட்டு வெச்சாங்களான்னு கேளு" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படிக்குள் வந்து என்னைப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படிப் புரியும்? "அவகிட்ட மட்டும் சொல்லிடாத, மானம் போயிடும்" என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் இத்தனை காலமும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்து வாடகை வீடு, வாசலில் உங்கள் அப்பா விட்டுப்போன அம்பாசடர். அது காலை இழுத்து இழுத்து ஓடும். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. சித்திரை வெயிலில், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கிளம்பினோம். குரோம்பேட்டை தாண்டியதும் முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போதோ சிவப்புக்குப் போயிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியதில் அதைக் கவனிக்கவில்லை.

ரோட்டோரம் நின்றோம். நீங்கள் நடுரோட்டில் இறங்கிப் போகிற வண்டியையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். நீங்கள் எதையும் கும்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தோம், பிள்ளை தங்கவில்லை. "முன்னாடியே வந்திருந்தாலும் இதேதாம்மா நடந்திருக்கும்" என்றார் டாக்டர். நான் நம்பினேன். நீங்கள் நம்பவேயில்லை.

உங்கள் மகள் வயிற்றில் தங்கியதும், பம்மலில் மெக்கானிக் தாஸின் பட்டறையில் காரை விட்டீர்கள். எஞ்சின் முழுக்கப் பிரித்து வேலை. சூட்டை அறிந்து முள்ளுக்குச் சொல்லும் பித்தளைக் குமிழைக்கூடப் புதிதாகப் போடச் சொன்னீர்கள். இப்போது சென்சார் என்கிறார்களே, அதேதான். கார் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தது. ஆனால் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் எஞ்சின் பச்சைத் தண்ணீர் போல இருப்பதாகவே காட்டியது.

தாஸுக்குத் தன் கைவேலை மேல் அபார நம்பிக்கை. "நான் மாட்னது புச்சு சார். அதுல கோளாறு வராது. டேஷ்போர்டுலதான் இன்னாவோ கீது" என்று சாதித்தார். முள் இருந்த மீட்டரை மாற்றினார். உள்ளே ஓடிய கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். தண்ணீர் ஓட்டத்தைக்கூடச் சரிபார்த்தார். முள் அசையவில்லை. எனக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் உங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கடைவீதி வரைக்கும் போவதென்றாலும் பாதி வழியில் நிறுத்தி இறங்கி, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல வெறுங்கையைப் பானெட் மேல் வைத்துப் பார்ப்பீர்கள். "பேசாம ஆட்டோல போயிடலாங்க" என்று நான் சொன்னால் கோபம் வரும். "இந்தக் கார்லதான் போறோம். இதுலயே போயி இதுலயே திரும்பி வர்றோம்" என்பீர்கள். வறட்டுப் பிடிவாதம் என்று திட்டினேன். வேறு எதுவோ என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாஸ் நம் வீட்டுக்கே வந்து, வேறு வழியில்லாமல், தான் மாட்டிய குமிழின் தலையிலிருந்து கம்பியை உருவினார். உருவியவர் குனிந்தபடியே அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? சந்தனமும் குங்குமமும் அப்பிகினு கீது! காஞ்சி கல்லாயிட்ச்சி. இதும்மேல கம்பிய சொருகினா எப்டி சார் முள்ளு ஏறும்?" என்று என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீ வெச்சியா? சாயங்காலம் கம்பி மாட்டாம வுட்டுட்டுப் போனேன். காத்தால பாக்காம சொருகிட்டேன். பேஜாரா பூட்சே!"

வேறு யாரைக் கேட்பார்? அந்த வீட்டில் பொட்டு வைக்கிற ஆள் நான்தான். ஆயுத பூஜைக்கு நான் காருக்கு வைத்த பொட்டை மறுநாளே ஈரத்துணியால் துடைக்கிறவர் நீங்கள். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப்போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் காப்பீர்கள். ஆனால் நான் அந்தப் பட்டறைப் பக்கமே போனதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் தாஸ்" என்றீர்கள். காது மடல் சிவந்திருந்தது. ரயில்களுக்கெல்லாம் சிக்னல் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதர்! தாஸ் சிரிக்கவும் முடியாமல், துணியை எடுத்துக் குமிழைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் போன பிறகு நீங்களாகத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "உன் சந்தனத்துலயும் சிமிழ்லயும் கொஞ்சம் எடுத்துட்டு ராத்திரி பட்டறைக்குப் போனேன். எல்லாத்துக்கும் வெக்கணும்னு தோணல. அது ஒண்ணு மட்டும் இந்தத் தடவை உண்மைய சொல்லட்டும்னு வெச்சேன்." அன்றைக்குத்தான் தெரிந்தது, குரோம்பேட்டை ரோட்டோரத்தை விட்டு நீங்கள் வீடு திரும்பவே இல்லை என்று. நான் உங்கள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து உங்கள் மகள் உதைத்தாள்.

எனக்கு வலி கண்ட அன்று முள் நடுவில் நின்றது. நீங்கள் அதை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையுமாக ஓட்டினீர்கள். அந்தக் காரிலேயே போய், மகளோடு அந்தக் காரிலேயே திரும்பி வந்தோம்.

இவ்வளவும் செய்தவர், உங்கள் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்தீர்கள்? நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "வெறும் வாய்வு, கொஞ்சம் சீரகத் தண்ணி குடு" என்றீர்கள். மறுநாளும் அதே வாய்வுதான். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நேரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் என்னை ஐ.சி.யூ. உள்ளே விட்டபோது சிமிழை இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன். வலிக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைக்கலாம் என்று விரலில் குங்குமத்தைத் தொட்டு உங்கள் நெஞ்சுப் பக்கம் குனிந்தேன். "அம்மா, அங்க வைக்காதீங்க, சென்சார் ஒட்டியிருக்கு" என்றாள் நர்ஸ். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். நீங்கள் என் விரலைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அந்த ஆக்சிஜன் முகமூடிக்குள் நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். பம்மல் பட்டறையை நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

நான் எதையும் தொடவில்லை. தலைமாட்டுத் திரையில் எண்கள் உள்ளதை உள்ளபடியே காட்டின, இறங்கின, நின்றன. அவ்வளவு உண்மை எனக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குங்குமம் விரலிலேயே இருந்தது.

காரியம் முடிந்ததும் உங்கள் தங்கை அந்தச் சிமிழை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டாள். இனி எனக்கு எதற்கு என்று நினைத்திருப்பாள். இன்று மாலை நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். மகளை வாசலுக்கு அழைத்துப்போய்க் கார் பானெட்டைத் திறக்கச் சொல்லி, கதை முழுவதையும் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொன்னேன். அவள் அழுதாள். "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு விரலில் குங்குமத்தைத் தொட்டேன். எஞ்சின் பக்கம் போகவில்லை. பானெட்டின் உள்பக்கத் தகரத்தில், கம்பி எதுவும் போகாத இடமாகப் பார்த்து, உங்களுக்கு வைக்காமல் கொண்டுவந்ததை வைத்தேன்.